அரை கிரவுண்டு வீட்டில் மெஷ் வைஃபை

மெஷ் வைஃபை, அதாவது ஒன்றோடொன்று பேசி வீடு முழுவதற்கும் ஒரே வைஃபையாக இயங்கும் இரண்டு மூன்று கருவிகளை, வாங்கி வருகிறவர்களில் பெரும்பாலோர் செய்யும் முதல் வேலை, வீட்டின் எந்த மூலையில் இணையம் எடுக்கவில்லையோ அங்கே நேராகப் போய் இரண்டாவது கருவியைச் செருகுவதுதான். வராத இடத்தில்தானே வேண்டும் என்பது அவர்களுடைய நியாயம். ஆனால் அந்த இரண்டாவது கருவி இணையத்தைத் தானாக உண்டாக்குவதில்லை. முதல் கருவியிடம் வாங்கித்தான் நமக்குக் கொடுக்கிறது. கைப்பேசிக்கு எட்டாத அலை அதற்கு மட்டும் எப்படி நன்றாக எட்டும்? கல்யாண மண்டபத்தில் சமையற்கட்டுக்கும் பந்திக்கும் நடுவில் ஒருவரை நிறுத்தி, எந்த வரிசைக்குச் சாம்பார் வேண்டும் என்று சொல்லச் செய்வார்கள். அவர் கடைசி இலைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டால் பந்தியில் இருப்பவர்களுக்கு அவர் குரல் கணீரென்று கேட்கும், சமையற்கட்டுக்குத்தான் ஒன்றும் கேட்காது. மூலையில் வைத்த மெஷ் கருவியும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. கைப்பேசியில் எல்லாக் கோடுகளும் நிறைந்து தெரியும். காணொளி மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சென்னைக்குத் தெற்கே, மேடவாக்கம் பக்கம் இருக்கும் என் தங்கையின் வீட்டை வைத்து இதைச் சொல்வது எளிது, ஏனென்றால் அரை கிரவுண்டில் கட்டிய வீடுகள் நம் புறநகரெங்கும் ஏறக்குறைய ஒரே அச்சில்தான் இருக்கின்றன. 20 அடி அகலம், 60 அடி நீளம், 1200 சதுர அடி மனை. முன்னால் கார் நிற்கும் இடம், பிறகு கூடம், கூடத்தின் முடிவில் பூஜை அறையும் சமையலறையும், அதற்கும் பின்னால் குளியலறையோடு ஒரு படுக்கை அறை. தெற்குச் சுவரை ஒட்டி வீட்டின் நடுவில் மாடிப்படி. மேலே படி முடியும் இடத்தில் ஒரு சிறு கூடம், தெருப்பக்கம் ஒரு படுக்கை அறை, பின்பக்கம் ஒன்று. மொட்டை மாடியில் ஓர் ஒற்றை அறையும் தண்ணீர்த் தொட்டியும். பின்பக்க மாடி அறையில்தான் மாப்பிள்ளை அலுவலக வேலை பார்க்கிறார். கீழே பின்னறை தங்கையின் மாமியாருடையது.

ஃபைபர் இணைப்பு தெருவில் இருக்கும் கம்பத்திலிருந்து வருகிறது. இணைப்புக் கொடுக்க வருகிறவர் கம்பத்துக்கு அருகில் எந்தச் சன்னல் இருக்கிறதோ அதன் வழியாகக் கம்பியை உள்ளே நுழைத்து, கண்ணில் படும் முதல் பிளக்குக்குப் பக்கத்தில் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுவார். அதிகக் கம்பி இழுப்பதற்கு அவருக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆகவே நீளமான வீடுகளில் இணையம் எப்போதும் தெருமுனையில் பிறந்து, பாதி வலிமையைக் கார் நிற்கும் இடத்துக்கும் எதிர்வீட்டு வாசலுக்கும் தானம் செய்துவிட்டு, மிச்சத்தைத்தான் வீட்டுக்குள் அனுப்புகிறது. இந்த வீட்டிலும் பெட்டி கூடத்துத் தொலைக்காட்சிக்குப் பின்னால் இருந்தது. தொலைக்காட்சியின் பின்புறம் பெரும்பாலும் உலோகத் தகடு. அதன் முதுகில் சாய்த்து வைத்த ரூட்டர், வீட்டின் ஒரு பக்கத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவே பொருள்.

எங்கே வைப்பது என்று முடிவு செய்வதற்கு முன் சுவர்கள் அலையை என்ன செய்கின்றன என்று தெரிந்திருக்க வேண்டும். வீட்டு வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 12.5 செ.மீ.; 5 கிகாஹெர்ட்ஸில் அது 5 முதல் 6 செ.மீ. வரை. நீண்ட அலை சுவர்களை ஓரளவு பொறுத்துக்கொண்டு தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு, அக்கம்பக்கத்து வீடுகளின் இரைச்சலும் அதில் அதிகம். குறுகிய அலை வேகமானது, ஆனால் செங்கல்லிலும் காங்கிரீட்டிலும் விரைவாகத் தளர்ந்துபோகும். நம் வீடுகளில் பாரம் தாங்கும் சுவர்கள் 9 அங்குலம், அறைகளைப் பிரிக்கும் தடுப்புச் சுவர்கள் நாலரை அங்குலம். மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும் வைத்துக் கட்டிய வீடுகளை மனத்தில் வைத்துப் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் சதுர அடிக் கணக்கு இங்கே செல்லாததற்குக் காரணம் இதுதான். ‘5000 சதுர அடிக்குப் போதும்’ என்று எழுதிய பெட்டி, 2000 சதுர அடி செங்கல் வீட்டில் திணறுவதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

சுவரின் தடிமனைப் பார்க்கிறவர்களில் பலர், அலை அதை எந்தக் கோணத்தில் கடக்கிறது என்பதைக் கவனிப்பதில்லை. 9 அங்குலச் சுவரை அலை நேராகக் கடந்தால் 9 அங்குலம்தான். 45 பாகை சாய்வாகக் கடந்தால் ஏறக்குறைய 13 அங்குலம். 60 பாகை சாய்ந்தால் 18 அங்குலம். சுவரை ஒட்டினாற்போல் வைத்த ரூட்டரிலிருந்து அதே சுவரின் மறுபக்கத்துக் கடைசி மூலைக்குப் போகும் அலை, சுவரின் உள்ளேயே நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கிறது. கருவியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, வாசற்கால் தெரியும்படி நகர்த்தி வைத்தாலே பக்கத்து அறையில் நிலைமை மாறுவதற்குக் காரணம் இந்தக் கோணம்தான். மரக்கதவு அலைக்கு ஒரு பொருட்டே அல்ல. திறந்த வாசல், மாடிப்படியின் வெற்றிடம், சன்னல் ஆகியவையே உண்மையான வழிகள்.

தளத்தைப் பற்றி ஒரு பேச்சு உண்டு: உள்ளே இருக்கும் கம்பிகள்தான் அலையைப் பிடித்துக்கொள்கின்றன என்பார்கள். அது பாதிதான் சரி. வீட்டுத் தளங்களில் கம்பிகளைப் பொதுவாக ஐந்தாறு அங்குல இடைவெளியில் கட்டுகிறார்கள். 6 அங்குலம் என்பது 15 செ.மீ. அலைநீளத்தைவிட இடைவெளி பெரிதாக இருப்பதால் கம்பிவலை அலையை முழுவதும் அடைத்துவிடுவதில்லை. பெரும்பகுதியைக் குடிப்பது காங்கிரீட்டும் அதிலிருக்கும் ஈரமும்தான். முழுத் தடை வேண்டுமென்றால் இடைவெளியே இல்லாத உலோகம் வேண்டும். அது நம் வீடுகளில் தாராளமாகவே இருக்கிறது. இரும்பு பீரோ, குளிர்சாதனப் பெட்டி, பாதரசப் பூச்சு என்று நாம் சொல்லும் ஆளுயரக் கண்ணாடி (உண்மையில் அது வெள்ளி அல்லது அலுமினியப் பூச்சு), இரும்புக் கதவு. இவற்றுக்கு நேர் பின்னால் ஒரு நிழல் விழும். தண்ணீரும் அலையை நன்றாக உறிஞ்சும்; மீன்தொட்டியின் மேல் அழகாக அமர்ந்திருக்கும் ரூட்டரை நான் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவையும் கணக்குப் போட்டு முடிவெடுக்க வேண்டியதில்லை, அளந்து பார்த்துவிடலாம். கைப்பேசி காட்டும் கோடுகளை நம்பக் கூடாது, ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக அதை வரைகிறது. ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் வகைச் செயலி எதையாவது இறக்கினால் சிக்னலை டிபிஎம் என்ற எண்ணாகக் காட்டும். மேக் கணினியில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபைச் சின்னத்தைச் சொடுக்கினால் அதே எண் வரும். ஐபோனில் பிற செயலிகள் இதைக் காட்ட முடியாது என்பதால் ஆப்பிளின் ஏர்போர்ட் யுட்டிலிட்டி செயலியை இறக்கி, அமைப்புகளில் அதன் ஸ்கேனரை இயக்க வேண்டும். எண் எப்போதும் மைனஸில் இருக்கும். ரூட்டருக்குப் பக்கத்தில் -30, -35 என்று வரும். -50 அருமை, -67 வரை வீடியோ அழைப்பு தடையின்றி நடக்கும், -75க்குக் கீழே போனால் தடுமாற்றம், -85 என்றால் இருப்பதும் இல்லாததும் ஒன்று. 3 டெசிபெல் குறைந்தால் வலிமை பாதியாகிறது, 10 குறைந்தால் பத்தில் ஒன்றாகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், -60க்கும் -70க்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு பெரியது என்று புரியும்.

அளக்கும்போது கைப்பேசி எந்த அலைவரிசையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் அது சத்தமில்லாமல் 2.4க்குத் தாவி நல்ல எண்ணைக் காட்டி ஏமாற்றும். அளக்கும் வரை மட்டும் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் கொடுத்துவிடுவது நல்லது.

தங்கை வீட்டில் தொலைக்காட்சிக்குப் பின்னாலிருந்த பெட்டியை வைத்துக்கொண்டு அளந்தபோது பின்பக்க மாடி அறையில் -80ஐ ஒட்டித்தான் இருந்தது. இதில் வியப்பில்லை. கூடத்தின் முன்மூலையிலிருந்து அந்த அறைக்கு நேர்கோடு போட்டால் அது ஒரு 9 அங்குலச் சுவரைச் சாய்வாகக் கடந்து, குளிர்சாதனப் பெட்டியை உரசி, தளத்தை மிகச் சாய்வான கோணத்தில் ஊடுருவிப் போக வேண்டும். “மூணு யூனிட் இருக்கே அண்ணா, ஒண்ணைத் தூக்கி அவர் ரூம்லயே வெச்சிடலாமே” என்றாள் தங்கை. அந்த அறையில் வைத்தால் அந்தக் கருவிக்கும் அதே -80 பக்கத்துச் சிக்னல்தான் கிடைத்திருக்கும்.

இரண்டாவது கருவியைப் பற்றி யோசிப்பதற்கு முன் முதல் கருவியை நகர்த்த வேண்டும். இதைத்தான் நான் எல்லாரிடமும் முதலில் சொல்வேன். ஃபைபர் பெட்டி தெருமுனையிலேயே இருக்கட்டும். அதை அசைக்க முடியாது. ஆனால் மெஷ்ஷின் முதல் கருவி அதோடு ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஈதர்நெட் கம்பிதான் தேவை, அது 100 மீட்டர் வரை போகும். கூடத்தின் சுவரோரத்தில், தரையை ஒட்டியிருக்கும் டைல்ஸ் விளிம்பின் மேலாக, பிளாஸ்டிக் கேசிங்கில் கம்பியை இழுத்து, மாடிப்படியின் அடிவாயில் முதல் கருவியை வைத்தோம். அங்கிருந்து கூடம் முழுவதும் தடையில்லாமல் தெரிகிறது. சமையலறைக்கும் மாமியார் அறைக்கும் போகும் நடை நேராக இருக்கிறது. மேலே பார்த்தால் படியின் வெற்றிடம். தளத்தைத் துளைத்துக்கொண்டு போக வேண்டிய அலை, இப்போது மனிதர்கள் போகும் வழியிலேயே மேலே ஏறிப் போகிறது. கம்பி, கேசிங், இரண்டு முனைகள் எல்லாம் சேர்ந்து மெஷ் கருவி ஒன்றின் விலையில் சிறு பகுதிகூட ஆகவில்லை. சிறிய வீடாக இருந்தால் இந்த ஓர் இடமாற்றத்தோடு வேலை முடிந்துவிடும், மெஷ்ஷே தேவைப்படாது.

உயரமும் முக்கியம். மேசையின் அல்லது அலமாரியின் உயரம், அதாவது மூன்று முதல் ஆறு அடி, பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும். தரையில் வைத்தால் சோபாவும் கட்டிலும் குறுக்கே வரும். பரணில் பித்தளை அண்டாக்களுக்கு நடுவே ஒளித்து வைப்பது அதைவிட மோசம். வெளியில் ஆண்டெனாக் குச்சிகள் உள்ள ரூட்டர்களில் குச்சி எந்தத் திசையில் நிற்கிறதோ அதற்குச் செங்குத்தான பக்கங்களில்தான் அலை அதிகம் போகும். குச்சியின் நுனி நோக்கும் திசையில் மிகக் குறைவு. எல்லாக் குச்சிகளையும் நேராக நிமிர்த்தி வைத்துவிட்டு, நேர் மேலே இருக்கும் மாடி அறையில் எடுக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறவர்கள் ஒரு குச்சியைப் படுக்கைவசமாகச் சாய்த்துப் பார்க்கலாம். மெஷ் கருவிகளில் ஆண்டெனா உள்ளேயே இருப்பதால் இந்த வேலை இல்லை, ஆனால் அவற்றை நிமிர்த்தி வைக்க வடிவமைத்திருந்தால் நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். அலமாரியில் இடமில்லை என்று படுக்கப் போடக் கூடாது.

இனி இரண்டாவது கருவி. கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு படியேறிப் போக வேண்டும். முதல் கருவியின் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் -60க்கும் -65க்கும் இடையில் வரும் இடத்தில் நிற்க வேண்டும். அதுதான் கருவி அமர வேண்டிய வட்டம். அதைவிட அருகில் வைத்தால் புதிய பரப்பு அதிகம் கிடைக்காது. அதைவிடத் தூரத்தில் வைத்தால் கருவிக்கே வாங்கிக்கொள்ள வழியிருக்காது. இந்த வீட்டில் படி திரும்பும் மேடைதான் சிக்னலுக்கு ஆகச் சிறந்த இடம், ஆனால் அங்கே பிளக் கிடையாது. படி முடியும் சிறு கூடத்தில், இஸ்திரி போடுவதற்காக வைத்திருந்த பிளக்குக்குப் பக்கத்தில் எண் அந்த வட்டத்துக்குள் இருந்தது. அங்கிருந்து மாப்பிள்ளையின் அறைக்கு நடுவில் ஒரு நாலரை அங்குலச் சுவரும் ஒரு மரக்கதவும்தான். தெருப்பக்கத்து அறைக்கும் அதே நிலைமை. ஒரே கருவி இரண்டு அறைகளையும் பார்த்துக்கொள்கிறது. மாப்பிள்ளை அறையின் சுவரோரம் நின்ற பீரோவை மட்டும் எதிர்ச்சுவருக்கு நகர்த்தச் சொன்னேன். அது சரியாகக் கருவிக்கும் அவருடைய மேசைக்கும் குறுக்கே நின்றுகொண்டிருந்தது.

அந்தப் பிளக் இன்வெர்ட்டரில் இருக்கிறதா என்று பார்ப்பதை யாரும் முன்கூட்டிச் செய்வதில்லை. நம் வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் சில பிளக்குகளும்தான் இன்வெர்ட்டர் வரிசையில் இருக்கும். ஏசிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் உரிய பிளக்குகளை வேண்டுமென்றே அதில் சேர்க்க மாட்டார்கள். மின்சாரம் போனதும் கீழேயிருக்கும் ஃபைபர் பெட்டி உயிரோடு இருக்கும், மாடிக் கருவி அணைந்துபோகும். மாப்பிள்ளையின் கூட்டம் நடுவில் அறுந்துவிடும். மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணைத்துப் பார்த்தால் எந்தப் பிளக் எந்த வரிசை என்று தெரிந்துவிடும். இஸ்திரிப் பிளக் எதிர்பார்த்தபடியே இன்வெர்ட்டரில் இல்லை. எலெக்ட்ரீஷியனை அழைத்து, பக்கத்து விளக்குச் சுவிட்ச் போர்டிலிருந்து தனியாக ஒரு 5 ஆம்பியர் பிளக் எடுத்துக் கொடுக்கச் சொன்னோம். இன்வெர்ட்டர் இல்லாத வீடுகளில் 12 வோல்ட் கொடுக்கும் சிறு யுபிஎஸ்ஸை ஒவ்வொரு கருவிக்கும் மாட்டலாம். கருவியின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்டேஜும் ஆம்பியரும் பொருந்துகின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும்.

மூன்றாவது கருவி சிறிது காலம் பெட்டிக்குள்ளேயே இருந்தது. மூன்று வாங்கினால் மூன்றையும் வைத்தாக வேண்டும் என்ற எண்ணத்தை விட்டொழிப்பது நல்லது. கம்பியில்லாமல் இணையும் மெஷ் கருவிகள் பெரும்பாலும் ஒரே 5 கிகாஹெர்ட்ஸ் சேனலில்தான் (அலைவரிசைக்குள் பிரித்த ஒரு தடம்) எல்லாப் பேச்சையும் நடத்துகின்றன. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். இரண்டே அலைவரிசை உள்ள கருவியில், கைப்பேசியிடம் வாங்கியதை அதே வானொலியால் (அலையை அனுப்பி வாங்கும் உறுப்பு) முதல் கருவிக்குத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிறது. இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்குச் சங்கிலியாகப் போனால் மேலும் குறைகிறது. ஆகவே முதல் கருவி நடுவிலும் மற்றவை அதைச் சுற்றியும் இருக்க வேண்டும்; ரயில் பெட்டிகளைப் போல வரிசையாக நிற்கக் கூடாது. நீளமான வீட்டில் தெருமுனையிலிருந்து பின்முனைக்கு வரிசையாக வைக்கத் தோன்றும் ஆசையைத்தான் முதல் கருவியை நடுவுக்குக் கொண்டுவருவது முறியடிக்கிறது.

இந்தப் பாதியாகும் கணக்கைக் கேட்டுப் பயந்து, கருவிகளுக்கிடையேயான பேச்சுக்கென்றே மூன்றாவது வானொலி உள்ள விலையுயர்ந்த மெஷ்ஷை வாங்குகிறவர்கள் தங்கள் இணைப்பின் வேகத்தை முதலில் பார்க்க வேண்டும். பெட்டியில் ஏசி1200 என்று எழுதியிருப்பது 2.4இன் 300 எம்பிபிஎஸ்ஸையும் 5இன் 867ஐயும் கூட்டி, முழு நூறாக்கிய எண். அந்த 867ம் காகித வேகம், நடைமுறையில் அதில் பாதியைச் சற்றுத் தாண்டிக் கிடைத்தால் நல்லது. அதையும் ஒரு தாவலுக்காகப் பாதியாக்கினால் இருநூறுக்கு மேல் மிஞ்சும். வீட்டுக்கு வரும் இணைப்பே 100 எம்பிபிஎஸ் என்றால் எதை இழந்தோம்? நல்ல தரமான வீடியோ அழைப்புக்கு 4 எம்பிபிஎஸ் போதும், 4கே படத்துக்கு 15 முதல் 25 வரை. வேகம் குறைந்ததால் அல்ல, சிக்னல் தடுமாறி விட்டுவிட்டு வருவதால்தான் கூட்டங்கள் அறுகின்றன. 300க்கு மேல் இணைப்பு வைத்திருப்பவர்களுக்குத்தான் மூன்று வானொலிக் கருவியோ கம்பி வழி இணைப்போ பொருளுள்ள கேள்வி. கம்பி போட முடியுமென்றால் மூன்றாவது வானொலிக்குக் காசு கொடுக்கவே தேவையில்லை.

கருவிகளை வைத்து முடித்த பிறகு ஃபைபர் பெட்டியின் சொந்த வைஃபையை அணைத்துவிட வேண்டும். அதை விட்டுவைத்தால் வீட்டிலுள்ள பாதிக் கருவிகள் பழைய பெயரிலேயே தொங்கிக்கொண்டிருக்கும், சேனலையும் அது ஆக்கிரமிக்கும். ஃபைபர் பெட்டியும் ரூட்டராக, மெஷ்ஷும் ரூட்டராக இருந்தால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வலையமைப்புகள் உருவாகி, சில விளையாட்டுகளும் வீட்டுக் கேமராக்களும் முரண்டு பிடிக்கும். மெஷ்ஷை அக்சஸ் பாயின்ட் முறைக்கு, அதாவது ரூட்டர் வேலையை விட்டுவிட்டு வைஃபை மட்டும் கொடுக்கும் முறைக்கு, மாற்றுவது எளிய வழி. செயலியில் ஒரே அமைப்புதான்.

கைப்பேசி எந்தக் கருவியோடு பேச வேண்டும் என்பதை மெஷ் முடிவு செய்கிறது என்று விளம்பரங்கள் தோன்றச் செய்கின்றன. முடிவு கைப்பேசியுடையது. மெஷ் ஆலோசனை சொல்லலாம், 802.11கே, வி, ஆர் என்ற நெறிமுறைகளால் அந்த மாற்றத்தை விரைவாக்கலாம். ஆனால் விடுவதும் பிடிப்பதும் கைப்பேசி. ஐபோன்கள் இப்போதிருக்கும் சிக்னல் -70க்குக் கீழே போகும்வரை வேறு கருவியைத் தேடுவதில்லை என்று ஆப்பிளே எழுதிவைத்திருக்கிறது. கருவிகளை மிக நெருக்கமாக வைத்தால் இந்த எல்லை எட்டப்படுவதே இல்லை. கீழே கூடத்தில் பிடித்த கருவியை மாடி வரை இழுத்துக்கொண்டே போகும். தங்கை வீட்டில் படிவழியாகவே இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று நன்றாகப் பார்த்துக்கொள்வதால் மாடிக் கூடத்தில் ஏறியதும் கைப்பேசி மாறாது. அறைக்குள் போனால்தான் மாறும். அது பரவாயில்லை, நடந்துகொண்டே கூட்டத்தில் பேசுகிறவர்களுக்கு மட்டும் ஒரு நொடி தடுக்கும்.

இன்னொன்றும் உண்டு. கைப்பேசியின் குரல் ரூட்டரின் குரலைவிடச் சிறியது. ரூட்டர் சொல்வது கைப்பேசிக்குக் கேட்டாலும், கைப்பேசி சொல்வது ரூட்டருக்குக் கேட்காமல் போகலாம். படம் பார்ப்பது சரியாக இருந்து, நாம் பேசுவது மட்டும் எதிர்முனைக்கு உடைந்து போகிறதென்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். அதனால்தான் ‘அதிக ஆற்றல்’ ரூட்டர் ஒன்றை வாங்கி எல்லாவற்றையும் தீர்த்துவிடலாம் என்பது நடப்பதில்லை. அருகில் இன்னொரு காது வைப்பதுதான் தீர்வு, மெஷ்ஷின் பயனே அதுதான்.

மாமியார் அறைக்குக் கருவி வைக்கவில்லை. அவர் டேப்லட்டில் தொடர் பார்ப்பார், பேத்தியோடு வீடியோவில் பேசுவார். அங்கே முதல் கருவியின் 2.4 கிகாஹெர்ட்ஸ் -65 அளவில் வருகிறது. அது அவருக்குத் தாராளம். ஒவ்வோர் அறையிலும் வேகச் சோதனையின் முள் வலது கோடிக்குப் போக வேண்டும் என்று நினைப்பது வீண் செலவு. ஆனால் 2.4இல் பக்கத்து வீடுகளும் இருப்பதால் சேனலைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 என்ற மூன்றே. 3, 4 என்று இடையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இரு பக்கத்து இரைச்சலும் சேர்ந்து வரும். மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில் ஓடுவதால், அது சுற்றும் நேரத்தில் சமையலறைக்கு அப்பால் இருக்கும் அறை சற்றுத் திணறும், அதைச் சகித்துக்கொள்ளலாம்.

பெட்டியிலிருந்த மூன்றாவது கருவிக்கு மொட்டை மாடி அறையால் வேலை வந்தது. தங்கை மகனுக்குப் படிக்கத் தனி இடம் வேண்டும் என்று அதை ஒழித்துக் கொடுத்தார்கள். அங்கே கம்பியில்லாமல் போவது இயலாத காரியம். மேல் தளத்தின் காங்கிரீட்டுக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்ட சுருக்கி, அதற்கு மேல் தட்டோடு. மழை பெய்தால் எல்லாம் ஈரத்தை ஏந்திக்கொள்ளும். படியின் உச்சியிலோ இரும்புக் கதவு. ஆனால் மொட்டை மாடியில் இப்போது யாரும் பயன்படுத்தாத ஒரு டிஷ் ஆண்டெனா இருந்தது, அதன் கேபிள் சுவருக்குள் புதைத்த பைப் வழியாக நேராகக் கீழ்க் கூடத்துத் தொலைக்காட்சிக்கு இறங்கியது. நம் வீடுகளில் மறந்துபோன செல்வம் என்றால் இந்த பைப்தான். மின்கம்பிகள் போகும் பைப்பில் ஈதர்நெட் கம்பியைச் சேர்த்து விடக் கூடாது. டிவி கேபிளின் பைப் தனியாக ஓடுவதால் அந்தக் கவலை இல்லை.

எலெக்ட்ரீஷியன் பழைய கேபிளின் மேல்முனையில் கேட்6 வகை ஈதர்நெட் கம்பியை டேப் சுற்றிக் கட்டி, முகத்துக்குப் போடும் பவுடரைத் தடவி, மேலிருந்து ஊட்டினார். கீழிருந்து பழைய கேபிளை இழுக்க இழுக்கப் புதியது இறங்கி வந்தது. கடையில் கம்பி வாங்கும்போது சுத்தச் செம்பா என்று கேட்டு வாங்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசியதைப் பாதி விலைக்குக் கொடுப்பார்கள். அது எளிதில் ஒடியும், முனைகளில் நாளடைவில் தளரும். வெயில் படும் இடங்களில் கறுப்பு உறையிட்ட வெளிப்புறக் கம்பியாகவும் இருக்க வேண்டும், சாதாரண உறை சென்னை வெயிலில் வெடித்துவிடும். முனைகளைக் கிரிம்ப் செய்து மாட்டியதும் இணைப்பு 1000க்குப் பதில் 100 என்று காட்டினால், எட்டு இழைகளில் ஏதோ ஒன்று சரியாகப் பதியவில்லை என்று அறியலாம், ஏனெனில் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு இழைகளே போதும். விலை குறைந்த மெஷ் கருவிகள் சிலவற்றில் ஈதர்நெட் துளையே 100தான் என்பதால், கம்பியைக் குறை சொல்லும் முன் அதையும் பார்த்துவிட வேண்டும். இங்கே குற்றம் கீழ்முனையில் இருந்தது. வெட்டி மறுபடி கிரிம்ப் செய்ததும் சரியாகிவிட்டது.

கம்பி கூடத்துக்கு வந்துவிட்டதால் அதன் கீழ்முனையை ஒரு சிறிய ஸ்விட்ச் (ஈதர்நெட் கம்பிகளை ஒன்றாக இணைக்கும் பெட்டி) வழியாக முதல் கருவிக்குப் போகும் கம்பியோடு சேர்த்தாயிற்று. மெஷ் தானாகவே கம்பியைக் கண்டுகொண்டு வானொலிப் பேச்சை நிறுத்திவிடுகிறது. மொட்டை மாடி அறையில் கருவியைத் தண்ணீர்த் தொட்டி இருக்கும் பக்கத்துச் சுவரில் வைக்காமல் எதிர்ப்பக்கம் வைத்தோம், அறைக்குள்தானே என்றாலும் துணி காயப்போடும் இடத்திலும் கொஞ்சம் எடுக்கட்டும் என்று. ஐப்பசி, கார்த்திகையில் இடிமழை தொடங்கும் முன்பே அந்தக் கம்பியைக் கீழ்முனையில் கழற்றிவிடச் சொல்லியிருக்கிறேன். மொட்டை மாடியிலிருந்து இறங்கும் செம்புக் கம்பி மின்னலின் தூண்டலைக் கூடத்து ஸ்விட்ச் வரை கொண்டுவந்துவிடும். மருமகன் அதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான்.